கழிவு என்று யார் சொன்னது?

உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவி ஒருத்தி, தன் ஆய்வைப் பற்றித் தமிழில் எழுதிய கட்டுரையைத் திருத்தித் தரச்சொல்லி வீட்டுக்கு வந்தாள். 'காவிரிப் படுகையில் வீணாகும் வேளாண் கழிவான வைக்கோல்' என்று தொடங்கியது. நான் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். திண்ணையில் இருந்த பெரியம்மாதான் நிறுத்தினாள். "கழிவுன்னு யாருடி சொன்னா? அதத் திங்கிற மாட்டோட பாலத்தானே இப்ப காப்பியில ஊத்திக் குடிக்கிறா?"

அந்தப் பெண் செய்வது நல்ல வேலை. வைக்கோல் என்பது செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் பின்னிக் கிடக்கும் நார். நொதிகளால் உடைத்தால் முக்கியமாக இரண்டு சர்க்கரைகள் கிடைக்கும்: குளுக்கோஸ், சைலோஸ். ரொட்டிமாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் முதலாவதைத் தின்று எத்தனால் தரும், இரண்டாவதைத் தொடாது. வேறு நுண்ணுயிரின் மரபணுவை அதற்குள் வைத்தால் அதையும் தின்னும். மரபணுவை மாற்றி வைத்தால் லாக்டிக் அமிலம் தரும். எத்தனாலிலிருந்து எத்திலீன், எத்திலீனிலிருந்து பிளாஸ்டிக். ஹரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டில் இந்தியன் ஆயில் தொடங்கிய ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது.

இதை வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியதைப் பார்த்த ஊர்க்காரி நான். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்ததற்குப் பின்னால், மறியலில் உட்கார்ந்த பெண்களும் இருக்கிறார்கள். உயிரின் மரபணுவில் கைவைக்கலாமா என்று கருத்தரங்குகளில் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் தூக்கம் கெடவில்லை. நீராகாரத்தையும் இட்லி மாவையும் புளிக்கவைத்து, கண்ணுக்குத் தெரியாததை வேலை வாங்கியே வளர்ந்தவர்கள் நாம்.

உறுத்துவது அந்தச் சொல்தான். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மாடு விரும்புவது கோதுமை வைக்கோல்; நெல் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அங்கே அதைக் கழிவு என்றால் ஓரளவு பொருந்தும். இங்கே அது தீனி, பிரிமணை, சும்மாடு, பாத்திரம் தேய்க்கும் நார், காளான் படுக்கை. நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் தங்குகிறது. மாடு தின்றால் சாணமாக வயலுக்குத் திரும்பும். லாரியில் ஏறிப்போனால், வெளிநாட்டிலிருந்து வரும் பொட்டாஷை மூட்டையாக வாங்கிப் போடவேண்டும்.

வைக்கோல் ஏற்கெனவே விலைக்குத்தான் போகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகிறது. பெரியம்மா அறுப்புக்குப் போன காலத்தில், நிலமில்லாதவள் ஆனாலும் கூலியோடு ஒரு தலைச்சுமை வைக்கோலும் வீடு வந்துசேரும். யாரும் எழுதிவைக்காத உரிமை அது. அறுப்பு மெஷின் வந்ததும் வேலை போனது. கட்டும் மெஷின் வந்ததும் சுமை போனது. இப்போது கட்டுக்கட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறாள். ஆலை ஒன்று வந்தால் என்ன விலைக்கு வாங்குவாள்?

ரசீது இல்லாமல் கைமாறும் எதுவும் கணக்குப் புத்தகத்தில் வீண்தான். வீட்டில் 'சும்மா இருக்கிறவள்' என்று எழுதுவதும் இதே கைதான். அந்தச் சொல்லைத் தாண்டிப்போய் ஒற்றுப்பிழை பார்த்தேனே, எனக்கும் அந்தக் கை இருக்கிறது.

பெட்ரோலியத்துக்கு மாற்றாக ஒரு நுண்ணுயிருக்குத் தீனி போடுகிறோம் என்றால், யார் வீட்டுத் தீனியிலிருந்து எடுக்கிறோம் என்பது பிற்சேர்க்கையில் வரவேண்டிய கேள்வி அல்ல. நீடித்த தன்மையைக் கார்பனில் அளந்தவர்கள் அந்தத் தலைச்சுமையையும் அளந்திருக்க வேண்டும். அதற்கு ஆய்வகத்தை விட்டுத் திண்ணைக்கு வரவேண்டும். வந்தாலும் யாரிடம் கேட்பது என்று தெரியவேண்டும்.

"கழிவை எடுத்துட்டா என் கைடு ஒத்துக்க மாட்டார் மேடம்" என்றாள் மாணவி. போன வாரம் மறுபடி வந்தாள். ஒரு மாட்டுக்கு வருஷத்துக்கு எத்தனை கட்டு ஆகும், சம்பா வைக்கோல் எத்தனை, குறுவை எத்தனை என்று பெரியம்மா சொல்லச்சொல்ல எழுதிக்கொண்டு போனாள்.