ஆறும் காயமும் ஆற்றும் தொண்டும்

தொண்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் மனக்கண்முன் தோன்றும் உருவம் பெரும்பாலும் வலிமை மிக்கதோர் உருவமேயாகும். மண்வெட்டியைத் தோளிற் சுமந்து செல்லும் இளைஞன், வெள்ளத்தில் நீந்திச் சென்று முதியவரைக் கரைசேர்ப்பவன், இரவிரவாக நோயாளிக்குப் பணிவிடை செய்யும் தாதி ஆகியோரே தொண்டர் எனப்படுகின்றனர். உடையவன் இல்லாதவனுக்குக் கொடுப்பதும், நலமுடையவன் நலிந்தவனைத் தாங்குவதுமே தொண்டின் இலக்கணம் என்ற எண்ணம் சமுதாயத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. ஆயின் இவ்விலக்கணத்துள் அடங்காத ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதியொன்றிலே மோட்டார் சைக்கிள் விபத்திற் சிக்கிக் கால் எலும்பு முறிந்த இளைஞன் அவன். சத்திரசிகிச்சை முடிந்து மாதங்கள் சில கழிந்துவிட்டன. ஊன்றுகோலை இன்னும் கைவிடவில்லை. இந்நிலையில் மரநடுகைத் தொண்டர் குழுவொன்றிற் சேர முற்படுகின்றான். வீட்டார் தடுக்கின்றனர். "முதல் உன்ரை காலைப் பார், பிறகு ஊரைப் பார்க்கலாம்" என்பது அவர்களின் கூற்று. அக்கூற்றிலே அன்பும் உண்டு, நியாயமும் உண்டு. எனினும் அது முற்றும் சரியானதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

திருக்குறளில் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் கொடையாளனுக்கு மூன்று உவமைகளை அடுத்தடுத்துக் கூறுகின்றது. ஒன்று நீர் நிறைந்த ஊருணி. மற்றொன்று ஊர் நடுவே பழுத்த மரம். மூன்றாவது மருந்தாகி உதவும் மரம். முதலிரண்டும் நிறைவின் உவமைகள். நிறைந்த குளமும் பழுத்த மரமும் தம்மிடம் மிஞ்சியதைக் கொடுக்கின்றன. மூன்றாவது அத்தகையதன்று. இலையும் பட்டையும் வேரும் பிறர் கொள்ளக் கொள்ள, மருந்து மரம் தானும் காயமுறுகின்றது. காயமுற்ற நிலையிலும் உதவுகின்றது. இவற்றின் பின் வரும் குறளோ, வளங்குன்றிய காலத்திலும் கடமை அறிந்தோர் ஒப்புரவிலே தளரார் என்கின்றது. எனவே மிஞ்சியதைக் கொடுப்பதே கொடை என்ற எண்ணத்துக்கு வள்ளுவரிடத்தில் முழு ஆதரவு தேடுதல் அரிது. கிரேக்க அறிஞர் அரிஸ்ரோட்டிலும் கொடையின் பெருமையைக் கொடுக்கப்பட்ட பொருளின் அளவினால் அன்றிக் கொடுப்பவனின் நிலையினாலேயே அளத்தல் வேண்டும் எனக் கருதினார்.

ஆயினும் அவர்கள் பேசுவது பெரிதும் செல்வத்தைப் பற்றியே. உடல் செல்வம் போன்றதன்று. இழந்த பணத்தை மீண்டும் ஈட்டலாம். பொருந்திவரும் எலும்பு இரண்டாம் முறை முறிந்தால் முன்போற் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. தன்னைப் பேணுதல் மனிதன் தனக்குத் தானே ஆற்ற வேண்டிய கடமை என்று ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற் வற்புறுத்தினார். அதனினும் வலிய தடை ஒன்று யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை அறிந்தோர்க்குப் புலனாகும். காயமுற்றவனின் உடல் அவனுக்கு மட்டும் உரியதன்று. அவனைத் தூக்கி இருத்தியவர் தாயார். மருத்துவச் செலவுக்காக நகையை அடகு வைத்தவர் அக்கா. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தவர் மாமா. மீண்டும் அவன் விழுந்தால் அவர்களே மீண்டும் சுமத்தல் வேண்டும். பிறர் கொடுத்த வலிமையைக் கொண்டு பிறிதொருவர்க்குத் தொண்டு செய்யும்போது, கொடுத்தோரைக் கேளாது செலவிடுவது அறமாகுமா? தியாகத்தைப் புகழ்ந்து பேசுவோர் இக்கேள்வியைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. தியாகியின் வீட்டிலே சமைப்பவர் யார் என்று வரலாறும் அதிகம் விசாரிப்பதில்லை.

இத்தடை வலியதே. ஆனால் அது ஓர் ஊகத்தின்மீது நிற்கின்றது. முதலில் முழுமையாகக் குணமடைதல், அதன் பின்னரே பணி என இரண்டையும் வெவ்வேறு காலங்களாக அது பிரித்து வைக்கின்றது. உடலோ அவ்வாறு பிரிப்பதில்லை. ஜூலியஸ் வொல்ஃப் என்னும் ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் 1892 இல் வெளியிட்ட நூலில், எலும்பு தன்மீது சுமத்தப்படும் பாரத்துக்கு ஏற்பவே தன் உள்ளமைப்பைத் திருத்திக்கொள்கின்றது என்று காட்டினார். பாரமே ஏறாத எலும்பு மெலிகின்றது. நீண்ட காலம் படுக்கையிற் கிடப்போரின் எலும்பு நலிவதற்குக் காரணம் இதுவே. அதேவேளை, காலத்துக்கு முந்திய பாரமும் அளவு கடந்த பாரமும் பொருந்திவரும் முறிவைக் குலைத்துவிடும். எனவே மருத்துவர் கூறும் அளவிலே, படிப்படியாக ஏற்றப்படும் பாரம் குணமடைதலுக்குப் பகையன்று; அதன் ஒரு கூறேயாகும். ஓய்வா உழைப்பா என்ற வினா இவ்விடத்தில் எவ்வளவு பாரம், எத்தகைய பாரம் என்ற வினாவாக மாறிவிடுகின்றது.

இதனை வாழ்ந்து காட்டியவர்களுள் பாபா ஆம்தே என அழைக்கப்பட்ட முரளிதர் தேவிதாஸ் ஆம்தே குறிப்பிடத்தக்கவர். 1914 இல் மகாராட்டிரத்திலே செல்வக் குடும்பமொன்றிற் பிறந்த இவ்வழக்கறிஞர், 1949 இல் தொழுநோயாளருக்கான மகாரோகி சேவா சமிதியைத் தோற்றுவித்தார். வரோரா நகருக்கு அருகே கல்லும் புதருமாய்க் கிடந்த நிலத்தில் ஆனந்தவனம் எழுந்தது. கையிற் சில ரூபாய்களும், நோயாளர் ஆறு பேரும், நொண்டிப் பசு ஒன்றுமே தொடக்கத்தில் அவரிடம் இருந்தன என்பர். நோயாளரே கிணறு வெட்டினர், கல் அகற்றினர், காலப்போக்கில் அத்தரிசு விளைநிலமாயிற்று. ஊரார் தொடவும் அஞ்சிய கைகள் அவை.

ஆயின் இங்கே அபாயம் ஒன்றும் மறைந்திருந்தது. தொழுநோயாளரின் விரல்கள் அழிவது நோய் சதையைத் தின்பதனால் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றிய மருத்துவர் போல் பிராண்ட், உணர்ச்சி இழப்பே அதற்குக் காரணம் என நிறுவினார். வலி தெரியாத கை, சுடு பாத்திரத்தைப் பற்றியும் விடுவதில்லை. கருவியின் பிடி அறுத்தும் விலகுவதில்லை. வலி என்பது உடலுக்கு இயற்கை வைத்த காவல். அக்காவலை இழந்தவன் உழைப்பதற்குக் கண்ணே காவலாதல் வேண்டும். நாள்தோறும் தன் கைகால்களைத் தானே பார்த்துச் சோதித்தல் வேண்டும். காயம் ஆறிவரும் இளைஞனுக்கும் இது பொருந்தும். அவன் வலியை உணர்கின்றான்; ஆனால் பிறர்முன் தாழ்ந்துவிடலாகாது என எண்ணி அதனை மறைக்கின்றான். நோய் பறித்த காவலை இவன் தானே வலிந்து துறக்கின்றான் எனலாம்.

ஆம்தேயின் முதுகெலும்பும் பழுதுற்றிருந்தது. பிற்காலத்தில் அவரால் அமர்ந்திருக்க இயலவில்லை. நிற்கலாம், அல்லது படுக்கலாம். அந்நிலையில், எழுபது வயதைக் கடந்த பின், 1985 டிசெம்பரிற் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் நோக்கி இளைஞர்கள் சைக்கிளிற் புறப்பட்டபோது, அவர் பஸ்ஸிலே படுத்தவாறு உடன் சென்றார். 1990 இல் ஆனந்தவனத்தை நீங்கி, நர்மதை ஆற்றங்கரையிலே கஸ்ராவத் என்னும் இடத்திற் குடியேறினார். பேரணைகளால் மூழ்கவிருந்த காடுகளுக்காகவும் கிராமங்களுக்காகவும் குரல்கொடுத்துப் பத்தாண்டுகளளவில் அங்கே வாழ்ந்தார். 2000 ஒக்ரோபரில் இந்திய உயர் நீதிமன்றம் சர்தார் சரோவர் அணையைத் தொடர்ந்து கட்ட அனுமதித்தது. அவர் கேட்டது கிடைக்கவில்லை. 2008 பெப்ரவரியில் அவர் காலமானார்.

இவ்வாழ்விலிருந்து, மனவுறுதி இருந்தால் உடல் ஒரு பொருட்டன்று என்ற முடிவுக்கு வருவோர் உளர். அம்முடிவு பிழையானது. ஆம்தேயின் உடல் மிகப் பெரிய பொருட்டாகவே இருந்தது. அவருக்குப் படுக்கை வைத்த வாகனம் வேண்டியிருந்தது. உடனிருந்து தாங்க மனைவி சாதனாவும் தொண்டரும் வேண்டியிருந்தனர். அவர் தம் உடலின் எல்லையை மறைக்கவில்லை. அந்த எல்லையைச் சுற்றிலும் பணி ஒழுங்குசெய்யப்பட்டது. கற்றுக்கொள்ளத்தக்கது இதுவேயன்றி வீரம் அன்று.

குடாநாட்டிலே இவ்வினா கூர்மையாவதற்குச் சிறப்பான காரணம் உண்டு. 2009 இல் முடிந்த போர் மனிதரையும் நிலத்தையும் ஒருங்கே காயப்படுத்திற்று. காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமாகப் பெருந்தொகையான பனைகள் தறிக்கப்பட்டன. எறிகணைபட்டுத் தலையிழந்த பனைகள் முகமாலைப் பக்கம் நெடுநாள் நின்றன. அவயவம் இழந்தோருக்காக 1987 இல் யாழ்ப்பாணத்திலே ஜெய்ப்பூர் நிலையம் தொடங்கப்பட்டது. ஜெய்ப்பூர்ப் பாதத்தின் வரலாறும் நோக்கத்தக்கது. 1968 இல் மருத்துவர் பிரமோத் கரண் சேதியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் இறப்பரும் மரமும் கொண்டு அதனை உருவாக்கினர். வெறுங்காலோடு சேற்றில் நடக்கவும், குந்தியிருக்கவும் வேண்டிய மக்களை எண்ணிச் செய்யப்பட்ட பாதம் அது. வயலிற் பணிசெய்ய மீள்வான் என்ற நம்பிக்கையோடு வடிவமைக்கப்பட்ட உறுப்பு என்று கூறுதல் மிகையன்று.

2013 முதல் 2018 வரை இயங்கிய வடமாகாண சபையின் காலத்திலே கார்த்திகை மரநடுகை மாதமாக அறிவிக்கப்பட்டது. காலம் பொருத்தமானதே. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே பெய்கின்றது. சுண்ணக்கற் பாறையினுள் தங்கும் அம்மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். ஆயின் நடுகை நாளன்று கூட்டம் கூடுகின்றது, விருந்தினர் மண் போடுகின்றார், படம் எடுக்கப்படுகின்றது, அத்துடன் பலருக்குப் பணி நிறைவடைந்துவிடுகின்றது. கன்று சாவது அந்நாளிலன்று. சித்திரை, வைகாசி வெயிலிற் சாகின்றது. வேலி பிரிந்த இடத்தால் நுழையும் ஆட்டின் வாயிற் சாகின்றது. குழி வெட்ட வலிய தோள் வேண்டும். அது ஒரு நாள் வேலை. பையில் மண் நிரப்பி விதையிடுதல், எத்தனை கன்று பிழைத்தது எனக் கணக்கெழுதுதல், ஒவ்வொரு மாலையும் மெல்ல நடந்து சென்று வேலியைப் பார்த்தல் ஆகியன நீண்ட நாட் பணிகள். கோலூன்றி நடப்பவன் இவற்றைச் செய்யலாம்; ஓடித்திரிபவனிலும் நன்றாகச் செய்யவும் கூடும். அவனுக்கு இரங்கிக் கொடுக்கப்பட்ட இலேசான வேலைகள் அல்ல இவை. இவை இல்லையேல் நடுகையே வீண்.

எனவே அந்த இளைஞன் பணியைத் தொடங்கலாம். ஆனால் இரண்டு கடன்கள் அவனுக்கு உண்டு. தன்னால் எது முடியும், எது முடியாது என்பதை முதல் நாளே குழுவினரிடம் மறையாது சொல்லுதல் ஒன்று. முடியும் எனப் பொய்யுரைத்துப் பாதியிற் சரிந்தால், அவனைத் தூக்கிச் செல்ல நால்வர் தம் வேலையை விடுதல் வேண்டும். வீட்டாரிடம் கேட்டல் மற்றொன்று. அனுமதி பெறுதல் என்று இதனைக் கொள்ளற்க. வளர்ந்த ஒருவன் தன் முடிவைத் தானே எடுப்பான். ஆயினும் தன் நலத்திலே பங்கு கொண்டோர்க்கு அதன் செலவிலும் சொல் உண்டு. தாயார் மாலை ஐந்து மணிக்குமேல் வேண்டாம் என்றால், ஐந்து மணியே எல்லை.

குழுவினர்க்கும் கடன் உண்டு. அவனை மேடையிலேற்றி, ஊன்றுகோலோடு படம்பிடித்துப் பிறர்க்கு ஊக்கமூட்டும் பொருளாக ஆக்குதல் தகாது. அவன் வந்தது மரத்துக்காக. இன்னுமொன்றும் இங்கே சொல்லப்படல் வேண்டும். வீட்டிலே சோறும் சிகிச்சையும் உடையவனுக்கே தொண்டு ஒரு தெரிவாகின்றது. போரிலே காலிழந்து, வருவாயுமின்றி, பிள்ளைகளை வளர்க்கும் ஒருத்தியிடம், தொண்டு செய்தால் மனம் தேறும் எனக் கூறி ஊதியமின்றி நாற்றுப்பண்ணையில் இருத்துதல் அறமன்று; அது சுரண்டலின் மென்மையான வடிவம். அவளுக்கு வேண்டியது அதே நாற்றுப்பண்ணையிலே நாட்சம்பளம். ஒரே வேலை ஒருவனுக்குத் தொண்டாகவும் மற்றொருத்திக்குத் தொழிலாகவும் இருத்தல் கூடும். எவர் எதற்காக வந்துள்ளார் எனக் கேட்டறியாத குழு எத்தனை ஆயிரம் கன்று நட்டாலும் அதன் கணக்கிலே குறை இருக்கும்.

ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் விதையைப் பாத்தியில் இட்டால், முதலில் மேலே எதுவும் தெரிவதில்லை. கிழங்கு கீழ்நோக்கியே இறங்குகின்றது. தை, மாசியிற் கிண்டினால் உணவு, விட்டுவிட்டால் மரம். அம்மரம் பாளை விடப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். அதுவரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது. கோலூன்றி வந்து இன்று விதையிடுபவன் அதற்குள் கோலை எறிந்திருப்பான். ஒருவேளை எறியாதும் இருப்பான். பாத்திக்கு அது ஒன்றே.