களத்து மேடும் ஆலை வாசலும்

ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நாம் பள்ளித் திண்ணையில் அமர்ந்திருந்தபோது சகோதரர் ஒருவர் வந்து ஸலாம் கூறினார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு பட்டறையில், இரும்புச் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. மாதச் சம்பளம். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார்.

முந்திய நாள் மெஷின் பழுதாகிவிட்டது. எந்த நேரமும் ஓடலாம் என்று சொல்லி மாலை வரை அவரை வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். மெஷின் ஓடவில்லை. வேலை நடக்காததால் அன்றைய சம்பளம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளியும் நம்மவர்தான். முறையிட்டதற்கு, "உன் பாட்டன் பண்ணையில் கஞ்சிக்கு உழைத்தான். உனக்கு ஃபேன் இருக்கிறது, டீ இருக்கிறது, வாரம் ஒருநாள் லீவு இருக்கிறது. ஷுக்ரு செய்!" என்றாராம்.

நாமும் யோசிக்காமல், உலக வசதியில் நமக்கு மேலே உள்ளவரைப் பாராமல் கீழே உள்ளவரைப் பார்க்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸை எடுத்துச் சொல்லி, "ஸபுர் செய்யுங்கள் பாய்" என்றோம். "சரி ஹஜ்ரத்" என்று எழுந்து போய்விட்டார். போன பிறகுதான் நம் உள்ளம் உறுத்தியது. அவர் கேட்க வந்தது மஸ்அலா. நாம் சொன்னது முதலாளியின் பதில் அல்லவா?

அந்த முதலாளி சொன்ன ஒப்பீடு உண்மைதானா என்று முதலில் பார்ப்போம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரமெல்லாம் ஒரு காலத்தில் ஏரிப்பாசன நெல்வயல்கள். சோழர் காலத்துக் குடியானவன் விளைச்சலில் 'கடமை' செலுத்தினான். அத்துடன் ஏரி, கால்வாய் வேலைகளுக்குக் கூலியின்றி உடலுழைப்பும் தரவேண்டியிருந்தது. அதற்கு 'வெட்டி' என்று பெயர். நிலமற்ற பண்ணையாளின் கதி இன்னும் கொடிது. நிலம் கைமாறும்போது அவனும் கைமாறினான். அடிமைத்தனத்தை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1843-இல். அது தண்டனைக்குரிய குற்றமானது 1862-இல், இந்தியத் தண்டனைச் சட்டம் நடப்புக்கு வந்தபோதுதான். மழை பொய்த்தால் பட்டினி. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டனர். அந்த வாழ்வுக்குத் திரும்பிப் போக யார்தான் சம்மதிப்பார்?

ஆயினும் அக்காலத்துக்கும் ஒரு நியதி இருந்தது. 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைக் கும்பெனியார் பார்னார்டு என்பவரைக் கொண்டு அளந்தார்கள். களத்து மேட்டில் நெல்லைக் குவித்ததும், சர்க்காருக்கும் மிராசுதாருக்கும் பங்கு பிரிக்கும் முன்பே தச்சர், கொல்லர், நாவிதர், காவல்காரர் ஆகியோருக்கு உரியதை அளந்து வைத்ததை அக்காலக் கணக்குகள் காட்டுகின்றன. அதை 'மேரை' என்றும் 'சுதந்திரம்' என்றும் அழைத்தார்கள். பொழுது சாய்ந்தால் ஏரும் ஓய்ந்தது.

இன்றைய நிலை என்ன? 1955-இல் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயம் காண்போம் என்று தீர்மானித்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது. இவையெல்லாம் நன்மைகளே. ஆனால் மின்விளக்குக்குப் பொழுது சாய்வதில்லை. பிரஸ் மெஷினுக்குக் களைப்பில்லை. தூக்கக் கலக்கத்தில் நீளும் விரலை அது அறியாது. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததால் மே தினத்தன்று கைவிடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆக, பாட்டன் சுமந்தது பெரும் பாரம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொல்லிக் காட்டும் தகுதி யாருக்கு உண்டு? கீழே உள்ளவரைப் பார் என்ற போதனை, ஒவ்வொருவரும் தம் சொந்த உள்ளத்துக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய மருந்து. பேராசை தணிய முதலாளி குடிக்க வேண்டிய மருந்தை, கூலி கேட்பவர் வாயில் ஊற்றுவது என்ன நியாயம்? ஷுக்ரு அடியான் தன் ரப்புக்குச் செலுத்துவது. கூலி முதலாளி தொழிலாளிக்குச் செலுத்துவது. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்க முடியாது.

அந்தச் சகோதரர் கேட்ட மஸ்அலாவுக்கு விடை நாம் மதரஸாவில் ஓதிய கிதாபிலேயே இருக்கிறது. ஹிஜ்ரி 593-இல் (1197) மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் எழுதியது ஹிதாயா. இங்கே மூன்றாம் குலோத்துங்கன் ஆண்ட காலம் அது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருவரிடமே வேலைக்கு அமர்ந்தவர் 'அஜீர் காஸ்'. அவர் அக்காலம் முழுதும் தம்மை ஒப்படைத்துவிட்டால், வேலை நடக்காவிட்டாலும் கூலிக்கு உரியவராகிறார் என்று அக்கிதாப் கூறுகிறது. மாலை வரை வாசலில் காத்திருந்தவர் தம்மை ஒப்படைத்தவர் இல்லையா? கூலியின்றி வாங்கிய அந்த ஒரு நாள், பாட்டன் செய்த அதே வெட்டி அல்லவா?

மூஸா (அலை) அவர்களை எட்டு ஆண்டு வேலைக்கு அமர்த்திய மத்யன் நகரப் பெரியவர், தவணையைச் சொல்லும்போதே, தாம் அவருக்குச் சிரமம் கொடுக்க விரும்பவில்லை என்றும் சொன்னதை சூரத்துல் கஸஸ் எடுத்துரைக்கிறது. வேலை கொடுப்பவர் பேச வேண்டிய பேச்சு அதுதான். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்பது புகாரியில் வரும் ஹதீஸ்.

அடுத்த ஜும்ஆவில் அந்தச் சகோதரரைத் தேடிப் பிடித்து, "பாய், அன்று நாம் தவறாகச் சொல்லிவிட்டோம். அந்தக் கூலி உங்கள் ஹக்கு" என்றோம். முதலாளியிடமும் சென்று கிதாபைக் காட்டினோம். "பார்க்கலாம் ஹஜ்ரத்" என்றிருக்கிறார்.

வேலைக்கு ஆள் வைத்திருக்கும் வாசகர்களே, இன்றிரவு உங்கள் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மறுமையில் புரட்டப்படும் முன் அதைச் சரிசெய்துகொள்ள வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.