கருவிக்குள் படியும் அழுக்கு

செமினியில் சமய வகுப்பு முடிந்ததும், பொறியியல் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, புகையிலையைச் சூடாக்குற கருவி இருக்குல்ல, அதுக்குள்ள அழுக்குப் படியாம டிசைன் பண்ற வேலை. போனா பாவமா?"

சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கருவி புகையிலையை எரிப்பதில்லை, சுமார் 350 டிகிரி வரை சூடாக்குகிறது. எழும் ஆவி, சோற்றுப் பானை மூடியில் நீர் கோப்பதுபோல், உள்ளே குளிர்ந்து பிசுக்காகப் படியும். துடைக்காவிட்டால் அடுத்த முறை அதுவும் சேர்ந்து கருகும். அதற்குத்தான் தூரிகை. 2021இல் ஜப்பானில் வந்த ஐகோஸ் இலுமாவில் சூடாக்கும் தகட்டையே எடுத்துவிட்டு, புகையிலைக் குச்சிக்குள் இருக்கும் உலோகத்தைக் காந்தப்புலத்தால் சூடாக்கினார்கள். கெட்டிக்கார வேலைதான். கருகல் குறைவது இழுப்பவருக்கும் நல்லதே.

ஆனால் அந்தப் பிசுக்கு ஒரு சாட்சி. 'இதுதானே நமக்குள்ளயும் போகுது' என்று தூரிகையைப் பார்க்கும்போதாவது தோன்றும். நிகோட்டினை அப்படியே விட்டு, சாட்சியை மட்டும் துடைத்தெடுப்பது தூய்மையா? 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள சட்டம் 852 இதையும் சிகரெட்டோடு சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. வடிவமைப்பவனைச் சட்டம் கேட்காது. கர்மக் கணக்கு கேட்கும்.

"நானா இருந்தா போகமாட்டேன்ப்பா" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். "அப்பா அதைத்தான் இழுக்கிறாரு. தினமும் துடைச்சுக் கொடுக்கிறது நான்தாண்ணே."