வேடிக்கை பார்ப்பவர்களுக்கான பாடம்

நாங்குநேரியில் நடந்ததைச் சாதிக் கொடுமை என்று கண்டித்தோம், சரிதான். ஆனால் பள்ளிகள் அதிலிருந்து படிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2023 ஆகஸ்ட் 9 இரவு அங்கே ஒரு பன்னிரண்டாம் வகுப்பு மாணவனின் வீட்டுக்குள் அரிவாளோடு புகுந்தவர்கள், அவனோடு வள்ளியூர்ப் பள்ளியில் படித்தவர்கள். ஓயாத சீண்டலால் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். பள்ளி காரணம் கேட்டது, சொன்னான். அதற்குப் பிறகுதான் வெட்டு, தடுக்க வந்த தங்கைக்கும் சேர்த்து. 'பயப்படாம டீச்சர்கிட்ட சொல்லு' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற ஒரே பாடத்தை அவன் அப்படியே செய்தான். ஆகவே பாதிக்கப்பட்டவனுக்குத் தைரியம் ஊட்டுவதிலிருந்து தொடங்குவது தவறான இடத்தில் தொடங்குவது என்றே நினைக்கிறேன். பாடம் நடத்தப்பட வேண்டியது, சுற்றி நின்று பார்க்கிற மற்ற பிள்ளைகளுக்கு.

கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 2001-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது சீண்டல் சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். குறுக்கிட்டது ஏறக்குறைய ஐந்தில் ஒரு தடவைதான். ஆனால் குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல் 10 விநாடிக்குள் சீண்டல் நின்றுபோனது. சென்னைப் புறநகரில் வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கத்து வகுப்பறைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய வீட்டுப் பிள்ளையும், ஒடிசா, பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிற இடம் இது. தமிழ் தடுமாறும் பையனுக்கு 'வடக்கன்' என்று பெயர் வைப்பவன் ஒருவன்தான். கேட்டுச் சிரிக்க முப்பது பேர் இல்லையென்றால் அந்தப் பெயர் இரண்டு நாள் தாங்காது. அந்த முப்பது பேரிடம் வீரம் எதுவும் கேட்க வேண்டாம். சிரிக்காமல் இருப்பது, சாப்பாட்டு நேரத்தில் அவன் பக்கத்தில் போய் உட்காருவது, பஸ் ஸ்டாப் வரை கூடவே நடப்பது, வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அடுத்தவனுக்கு அனுப்பாமல் இருப்பது: இவற்றைச் சமூக அறிவியல் பாடம்போல வகுப்பில் உட்கார்ந்து பழக்க முடியும்.

'நாங்களும் கேலி கிண்டலைத் தாண்டித்தான் வளர்ந்தோம்' என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. தாண்ட முடியாதவர்கள் இந்தப் பேச்சில் கலந்துகொள்ள வருவதில்லை. கனமான மறுப்பு வேறு. டோஃபி, ஃபாரிங்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல நாட்டுச் சீண்டல் தடுப்புத் திட்டங்களைத் தொகுத்து 2011-இல் எழுதினார்கள். இத்தகைய திட்டங்களால் சீண்டல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் சக மாணவர்களை வைத்துத் தீர்க்கப் பார்த்த இடங்களில் பாதிப்பு கூடியிருந்தது. இதை ஒதுக்கிவிட முடியாது. மாணவனிடம் பஞ்சாயத்தை ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் விலகிக்கொண்டால் அப்படித்தான் முடியும் என்பது என் கணிப்பு. பக்கத்தில் உட்காரச் சொல்வது வேறு, நீதிபதியாக்குவது வேறு. அரிவாள் வரை போகக்கூடிய பகை என்று தெரிந்தால் பிள்ளைகளை ஓரடிகூட முன்னே தள்ளக் கூடாது; அது முழுக்கப் பெரியவர்களின் வேலை.

அந்த வேலையில்தான் நமக்கு ஓட்டை. ராகிங்கில் நடந்த மருத்துவ மாணவர் நாவரசு கொலைக்குப் பின் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டி இருக்கிறது. 14417, 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. நாங்குநேரிக்குப் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடைசெய்யவும் பள்ளிகளில் நல அலுவலரை நியமிக்கவும் 2024 ஜூனில் பரிந்துரைத்தது. புகார் உள்ளே போக வழி நிறைய இருக்கிறது. போன பிறகு என்ன என்பதற்குத்தான் பெரும்பாலான ஸ்டாஃப் ரூம்களில் ஒரே முறை: இரண்டு பேரையும் கூப்பிட்டு எதிரெதிரே நிறுத்தி, 'கை குலுக்கிட்டுப் போங்கடா' என்பது. யார் சொன்னது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். புகார் கொடுத்தவன் பெயரை வெளியே விடாதிருப்பது, இருவரையும் தனித்தனியே விசாரிப்பது, அன்று மாலை அவன் யாரோடு வீட்டுக்குப் போகிறான் என்று மணி அடிக்கும் முன்பே முடிவுசெய்வது ஆகிய மூன்றுக்கும் அரசாணை எதுவும் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.