இருநோக்கியும் காட்சி அளவையும்

இருநோக்கி வழியே பார்த்த பறவையை நேரில் கண்டதாகக் கொள்ளலாமா? சைவ சித்தாந்த அளவையியலில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. ஒரு பொருள் உண்டு என்ற அளவில் அறிவது நிருவிகற்பக் காட்சி. பெயர், சாதி, குணம், தொழில் முதலியவற்றோடு அறிவது சவிகற்பக் காட்சி. கிளையில் ஏதோ அசைகிறது என்பது முன்னது. கண்ணை ஒட்டிய கோடும் அலகின் வளைவும் தெரிந்து இன்ன பறவை எனத் துணிவது பின்னது. ஐயமும் திரிபும் நீங்கக் கருவி உதவுகிறது.

உருப்பெருக்கம் கூடினால் துணிவும் கூடும் என்று எண்ணுவது தவறு. கைக்கடக்கமான 8×25 கருவியில் முகப்பு வில்லையின் விட்டம் 25 மி.மீ.; அதை உருப்பெருக்கமான 8ஆல் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை ஏறத்தாழ 3 மி.மீ. பகலில் சுருங்கிய கண்பாவைக்கு அது போதும். 10×25இல் அது 2.5 மி.மீ. ஆகிறது, கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும். அந்தியில் இரண்டுமே மங்கும். அப்போது எடை கூடினாலும் 8×42தான் துணை.

கருவி எதுவானாலும், கண் தானாகக் காண்பதில்லை. உயிர் அதைக் காணச் செய்து தானும் காண்கிறது. அவ்வுயிருக்கு இறைவன் காட்டியும் கண்டும் உதவுகிறான் என்பது சைவ சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டாரின் மரபு. இருநோக்கி அந்தக் கண்ணுக்கு முன்னே நிற்கும் மற்றொரு கருவி. ஆகவே அதன் வழியே கண்டதும் காட்சியே, கருதல் (அனுமானம்) அன்று.