கார்காலத் தனிமையும் ஒத்தோர் துணையும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தனிமை மாந்தர் அனைவர்க்கும் பொதுவானது. எனினும் அஃது எல்லார்மீதும் ஒரே அளவில் கவிவதில்லை. ஆண்டின் சில பருவங்களில், சிலர்மீது, அது மிகுதியாகக் கவிகிறது. மழை மாதங்களில் வீட்டுப் படியிறங்க இயலாத மாற்றுத்திறனாளியும், ஊரே விழாக் கொண்டாடும் நாளில் சன்னலருகே அமர்ந்து அதன் ஓசையை மட்டும் கேட்டிருப்பவரும் அறிந்த தனிமை இத்தகையது. இத்தனிமையைப் போக்கும் கடமை யாருடையது? குடும்பத்தின் அன்பும் அரசின் உதவியும் இதற்குப் போதுமானவையா? தம்மையொத்த நிலையினரின் துணை, மற்றவர் தர இயலாத எதனைத் தருகிறது? இவ்வினாக்களைக் கொல்கத்தா மாநகரின் கார்டன் ரீச் பகுதியை முன்னிறுத்தி, தமிழ் அகமரபு தரும் கருத்துகளின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். ‘ஒத்தோர் துணை’ என்னும் தொடர் ஈண்டு, ஒத்த வாழ்நிலை உடையோர் நிகர்நிலையில் நின்று ஒருவருக்கொருவர் அளிக்கும் ஆதரவைக் குறிக்கும்.

பருவமும் தனிமையும்

தனிமையைப் பருவத்தோடு பொருத்திக் காணும் நோக்கு தமிழுக்குப் புதிதன்று. முல்லைக்குக் காரும் மாலையும் பொழுதுகள் எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. இருத்தலும் அதன் நிமித்தமும் முல்லையின் உரிப்பொருளாகும். இப்பகுப்பில் ஓர் ஆழ்ந்த உண்மை பொதிந்துள்ளது. காத்திருப்பவளின் துயரம் அவளுடைய குறைபாடாக அங்குக் கருதப்படுவதில்லை. நிலமும் பொழுதும் சேர்ந்து உருவாக்கும் ஒரு நிலைமையாகவே அது கருதப்படுகிறது. தனிமை ஆளுக்குள் மட்டும் இருப்பதன்று; ஆளைச் சூழ்ந்தும் இருப்பது என்பது இதனால் பெறப்படும்.

மேலைநாட்டு மருத்துவமும் பருவத்தைக் கருத்தில் கொண்டுள்ளது. நார்மன் ரோசன்தாலும் உடனாய்வாளர்களும் 1984இல் பருவகால மனச்சோர்வு பற்றிய ஆய்வை வெளியிட்டனர். குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் பகற்பொழுது குறுகி வெளிச்சம் குறைவதோடு அந்நோய் தொடர்புபடுத்தப்பட்டது. கொல்கத்தாவின் நிலையோ வேறு. அங்கு மழை தொடங்கும் சூன் மாதம் ஆண்டின் மிக நீண்ட பகல்களை உடையது. எனவே கார்டன் ரீச்சில் வாழும் மாற்றுத்திறனாளியின் கார்காலத் தனிமைக்குப் பகலின் குறுக்கத்தைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. காரணத்தைத் தெருவில் தேட வேண்டும்.

நீர் சூழும் ஊர்

கார்டன் ரீச், ஊக்ளி ஆற்றின் கரையில், மாநகரின் மேற்கே அமைந்த பகுதி. கப்பல் கட்டும் தளமும், தென்கிழக்கு இரயில்வேயின் தலைமையகமும், அடுத்துள்ள மேட்டியாபுரூசின் தையற்கூடங்களும் அதன் அடையாளங்கள். அயோத்தி அரசை 1856இல் ஆங்கிலேயரிடம் இழந்த நவாபு வாசித் அலி ஷா, 1887இல் மறையும்வரை இப்பகுதியிலேயே வாழ்ந்தார். அவரைத் தொடர்ந்து இசைவாணரும் சமையற்கலைஞரும் தையற்காரரும் இங்கு வந்து குடியேறினர். இழந்த இலக்னோவின் சாயலில் ஒரு குடியிருப்பு எழுந்தது. ஒரே இழப்பை உடையோர் ஒன்றுகூடி வாழ்தல் தனிமைக்கு ஒரு மருந்தாகும் என்பதற்கு இவ்வூரின் வரலாறே சான்றாக நிற்கிறது எனலாம்.

இத்தகைய ஊரில் மழைக்காலம் வேறொரு பிரிவினையை உண்டாக்குகிறது. கொல்கத்தாவின் ஆண்டு மழையில் பெரும்பகுதி சூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பொழிகிறது. தாழ்ந்த நிலமும் குறுகிய சந்துகளும் உள்ள இடங்களில் நீர் எளிதில் வடிவதில்லை. இயல்பாக நடப்பவர்க்குக் கணுக்கால் அளவு நீர் ஓர் இடையூறு மட்டுமே. சக்கர நாற்காலியில் செல்பவர்க்கோ அது மூடிய கதவு. ஊன்றுகோலால் தரையை அறிந்து நடக்கும் பார்வையற்றவர்க்குப் பள்ளமும் மேடும் ஒன்றாகிவிடுகின்றன. காது கேளாதவர் இருவர் சைகையால் உரையாட வேண்டுமாயின் ஒருவர் முகத்தை ஒருவர் காணவேண்டும். மின்சாரம் தடைப்பட்ட இரவில் அதுவும் இயலாது. மழை அனைவர்மீதும் பெய்கிறது. அதன் விளைவோ சமமாகப் பகிரப்படுவதில்லை.

மழை முடியும் தறுவாயில் துர்கா பூசை வருகிறது. கொல்கத்தாவின் துர்கா பூசையை யுனெஸ்கோ 2021இல் மானுடத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நகரமே தெருவில் இறங்கும் நாள்கள் அவை. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள்வரை சுமார் 250 மில்லிமீட்டர் மழை கொட்டி நகரம் நீரில் மூழ்கியபோது பூசைக்குச் சில நாள்களே எஞ்சியிருந்தன. நீர் வடிந்ததும் விழா நடந்தது. ஆயினும், மழையால் வீட்டில் இருந்தவர் எல்லாரும் விழாவிற்கு வெளியே வந்தனரா என்னும் வினாவை அறவியல் எழுப்பியே ஆகவேண்டும். மழையில் அனைவரும் அடைபட்டிருந்தபோது தனிமை ஓரளவு பொதுவாக இருந்தது. விழா நாளில் பிறர் வெளியேறிச் செல்ல, படியும் நெரிசலும் தடுக்க உள்ளே எஞ்சியவருக்கு அது தமக்கு மட்டுமே உரியதாகிவிடுகிறது. சில பந்தல்களில் சாய்தளம் அமைத்தல் முதலிய முயற்சிகள் அண்மைக் காலத்தில் தோன்றியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் பந்தலுக்குள் சாய்தளம் இருப்பினும், வீட்டிலிருந்து பந்தல்வரை வழி இல்லையேல் பயனில்லை.

செவிலியும் தோழியும்

வழி இல்லாதபோது வீட்டிலுள்ளோர் அன்பு காட்டுகின்றனர். உணவும் மருந்தும் தருகின்றனர். அவ்வாறிருந்தும் தனிமை நீங்காதது ஏன்? இதற்கு விடைகாண நெடுநல்வாடை துணைபுரிகிறது. வாடை வீசும் கூதிர்க்கால இரவில் அரண்மனையில் தனித்திருக்கும் அரசியைச் செவிலியர் பலர் சூழ்ந்து பலவாறு ஆறுதல் கூறுகின்றனர். அவளோ ஆறுதல் கொள்வதில்லை. ஆள் இல்லாமை வேறு, தனிமை வேறு என்பதை நக்கீரர் இக்காட்சியில் புலப்படுத்துகிறார். அதே இரவில் அரசன் பாசறையில் புண்பட்ட வீரரைக் கண்டு வருவதாகவும் பாடல் காட்டுகிறது. அவ்வீரரைக் காண வருபவன் அவர்களோடு போர்க்களத்தில் நின்றவன் என்பது நோக்கத்தக்கது.

அகமரபு செவிலி, தோழி என இரு மாந்தரை வேறுபடுத்துகிறது. தோழி செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் கூறுகிறது. எனவே இருவரும் ஒரே வீட்டினர். ஆயினும் பணியால் வேறானவர். செவிலி காப்பவள், தோழி உடன்நிற்பவள். தோழி ஏற்கெனவே அறிந்திருப்பதைச் செவிலி குறிகண்டு, வினவி அறிகிறாள். காப்பவர்க்கும் காக்கப்படுபவர்க்கும் இடையில் அன்பு இருக்கலாம், நிகர்மை இருப்பதில்லை. மாற்றுத்திறனாளி ஒருவரின் வாழ்வில் மருத்துவர், பெற்றோர், பணியாளர் எனச் செவிலியர் பலர் அமைவது உண்டு. தோழர் அமைவதே அரிது. ‘இன்று உனக்கு என்ன வேண்டும்?’ என்று அவரிடம் கேட்போர் பலர். ‘எனக்கு ஒன்று தோன்றவில்லை, நீ சொல்’ என்று அவரிடம் யோசனை கேட்போர் சிலரே. பிறரிடமிருந்து பெறாமை மட்டும் தனிமை ஆகாது. பிறருக்குக் கொடுக்க இடமில்லாமையும் தனிமையே என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

ஒத்தோர் துணையின் இயல்பு

கொடுக்கும் இடத்தை மீட்டுத் தருவதே ஒத்தோர் துணையின் சிறப்பு. இதற்குத் தமிழிலக்கிய வரலாற்றில் நினைக்கத்தக்க சான்று இரட்டைப் புலவர். தில்லைக் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா முதலியவற்றைப் பாடிய இவ்விருவரில் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர் என்பது மரபு. பார்வையற்றவர் தோளில் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழிகாட்டினார் என்பர். இச்செய்தியில் பலரும் வியப்பது கண்ணும் காலும் பகிரப்பட்டமையை. அதனினும் சிறந்தது பாட்டுப் பகிரப்பட்டமையாகும். பாடலின் முற்பகுதியை ஒருவர் தொடங்க, பிற்பகுதியை மற்றவர் முடித்தார் என மரபு கூறுகிறது. சுமப்பவர் யார், சுமக்கப்படுபவர் யார் என்னும் வேறுபாடு பாட்டில் மறைந்துவிடுகிறது.

தற்காலத்தில் இதனை நினைவூட்டுவது தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம். பொறியியல் மாணவராக இருந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது தண்டுவடம் காயமுற்றுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அவர் 1981இல் இச்சங்கத்தை நிறுவினார். தசைச் சிதைவு நோயுடைய பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். இருவர் உடல்நிலையும் ஒன்றன்று. ஆயினும், பிறர் உதவியின்றி ஒரு நாளும் கழியாத இருவர் ஆயிரக்கணக்கானோர்க்கு உதவும் அமைப்பை நடத்தினர். உதவி பெறுபவர் உதவ இயலாதவர் என்னும் எண்ணம் பிழையானது என்பதை இது நிறுவுகிறது. அமெரிக்காவின் பெர்க்கிலியில் எட் இராபர்ட்ஸ் முதலியோர் 1972இல் தற்சார்பு வாழ்வு மையத்தைத் தொடங்கியதும், மாற்றுத்திறனாளியே மாற்றுத்திறனாளிக்கு ஆலோசகராதல் வேண்டும் என்னும் கொள்கையின் அடிப்படையிலேயாகும்.

கார்டன் ரீச்சை அடுத்த தாரத்தலா சாலையில், 1974இல் தொடங்கப்பெற்ற இந்திய மூளை முடக்குவாத நிறுவனம் இயங்கிவருகிறது. அதனோடு தொடர்புடைய செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், மூளை முடக்குவாதம் உடையவர். கோவாவில் மாற்றுத்திறன் குறித்து நடைபெற்ற பன்னாட்டுக் கருத்தரங்கிற்குச் செல்ல 2012 பிப்ரவரியில் அவர் கொல்கத்தாவில் விமானம் ஏறியபோது கட்டாயப்படுத்தி இறக்கப்பட்டார். இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 மே 12 அன்று அவருக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவர் இழந்தது ஒரு பயணம் மட்டுமன்று. தம்மையொத்தோர் கூடிய அவையில் தம் கருத்தை வழங்கும் வாய்ப்பையும் இழந்தார். அவரைத் தடுத்தது அவரது உடல் அன்று என்பது வெளிப்படை. தெருநீர் செய்வதையே அங்கு மனிதர் செய்தனர்.

மறுப்புகளும் விடைகளும்

ஒத்தோர் துணையை வலியுறுத்துவதற்கு மறுப்புகள் சில உள. முதலாவது, மாற்றுத்திறனாளிகள் தமக்குள் மட்டும் கூடுதல் அவர்களைச் சமூகத்திலிருந்து மேலும் ஒதுக்கிவிடும் என்பது. இது கருதத்தக்கதே. ஆனால் ஒதுக்குதல் வேறு, கூடுதல் வேறு. பிறர் வகுத்த எல்லைக்குள் இருத்தப்படுதல் ஒதுக்கம். தாமே விரும்பிச் சேர்ந்து வலிமை பெற்று வெளிவருதல் கூட்டம். தோழியோடு பேசியவள் ஊரை வெறுப்பதில்லை. ஊரை எதிர்கொள்ளும் துணிவையே பெறுகிறாள்.

இரண்டாவது, ஒரே குறைபாடு உடையமையால் மட்டும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்வர் என்பது உறுதியன்று. இதுவும் உண்மையே. பிறவியிலேயே பார்வையற்றவரின் பட்டறிவும் நாற்பதாம் வயதில் பார்வை இழந்தவரின் பட்டறிவும் ஒன்றல்ல. பொருள்நிலையும் பாலினமும் மேலும் வேறுபாடுகளை உண்டாக்கும். ஆகவே ஒத்தோர் துணையின் அடிப்படை உடலின் ஒப்புமை அன்று. ‘இவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை’ என்னும் நம்பிக்கையும், இன்று கேட்பவர் நாளை சொல்பவராகலாம் என்னும் முறைமாற்றமுமே ஆகும்.

மூன்றாவது மறுப்பே வலியது. துன்புறுவோரே தம்முள் ஆறுதல் பெற்றுக்கொள்வாராயின் அரசும் சமூகமும் தம் கடமையிலிருந்து விலகிக்கொள்ளும் என்பது அது. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இதற்கு விடை தருகிறது. இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்த அவ்வுடன்படிக்கையின் 26ஆம் பிரிவு, ஒத்தோர் துணையையும் உள்ளிட்ட நடவடிக்கைகளை எடுத்தல் அரசின் கடமை என்கிறது. 19ஆம் பிரிவு, தனிமைப்படுத்தப்படுவதைத் தடுக்கும் உதவிகளைக் கோருகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டைப் பேணி, இடர்க்காலத்தில் அவர்களுக்கு அறிவித்தல் வேண்டும் என்கிறது. ஒத்தோர் துணை அரசின் கடமைக்கு மாற்றன்று. அக்கடமையின் ஒரு பகுதி. பதிவேடு ஒருவர் இருக்குமிடத்தை அறியும்; அவர் எவ்வாறு இருக்கிறார் என்பதைத் தோழர் அறிவர். இரண்டும் தேவை.

இவற்றோடு ஓர் எல்லையையும் குறிப்பிடுதல் கடனாகும். மனச்சோர்வு நோயாக முதிருமிடத்து மருத்துவமே உரியது. தோழமை மருத்துவத்திற்கு ஈடாகாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ என்னும் அரசின் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் இந்திய மொழிகள் பலவற்றில் இதற்கு உதவுகிறது. தோழர் செய்யத்தக்கது, அவ்வெண்ணை அழைக்கும்வரை உடனிருத்தல்.

முடிவுரை

முல்லையின் காத்திருப்பைத் தாங்கத்தக்கதாக்குவது காலக்குறிப்பு. கார் தொடங்கும்போது வருவேன் என்னும் சொல் அங்கு முன்னரே தரப்பட்டுள்ளது. கார்காலத் தனிமையை எதிர்கொள்வோர்க்கும் இதுவே வழி. மழை வரும் என்பது ஆண்டுதோறும் அறிந்ததே. ஆகவே மழைக்கு முன்னரே இருவர் மூவராய்ச் சேர்ந்து, எந்நாளில் எந்நேரத்தில் யார் யாரை அழைப்பது என உறுதிசெய்துகொள்ளலாம். மருந்தையும் மின்கல விளக்கையும் போல அவ்வுறுதியையும் சேமித்து வைக்கலாம். அழைக்கும் முறை மாறி மாறி வருதல் இன்றியமையாதது. ஒருவரே எப்போதும் அழைப்பின் அது மீண்டும் செவிலித்தனமாகிவிடும்.

சமூகத்தின் கடமை இதனோடு தீர்வதில்லை. நீர் வடியும் தெருவும், வீட்டுவாயில் முதல் பந்தல்வரை தடையற்ற பாதையும் அமைப்பது அதன் பங்கு. விழாவைத் திட்டமிடும் குழுவில் மாற்றுத்திறனாளிக்கு இடம் தருவதும் அதன் பங்கே. விருந்தினராக அழைக்கப்படுபவர் விழா முடிந்ததும் மறக்கப்படுவார். பணி ஒப்படைக்கப்பட்டவர் அடுத்த ஆண்டும் தேடப்படுவார். ஒருவரைத் தனிமையிலிருந்து மீட்பது அவருக்கு நாம் செய்யும் உதவியில் பாதியே நிறைவுறுகிறது. அவர் உதவி நமக்கும் தேவை என்று உணர்ந்து அவர் கதவைத் தட்டும்போதே மறுபாதி நிறைவுறும்.