மதிப்பும் மறைப்பும்

வீட்டை விற்குமுன் தன் கையாலேயே பழுதுபார்த்து, வெள்ளையடித்து, அதன் மதிப்பை உயர்த்திக்கொள்வது ஆகுமான செயலே. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், கி.பி. 622இல் மதீனாவில் பள்ளிவாசல் எழுந்தபோது தாமும் கல் சுமந்தார்கள். ஆதலின் கைவேலை இழிவன்று. (இன்று ஓர் ஆணி அடிக்கவும் ஆள் தேடுகிறோம், அது வேறு கதை.)

ஆயினும் ஒரு வினா எழுகின்றது. கடலோர ஊர்களில் சுவரின் அடிப்பகுதியில் ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், காரை பொரிந்து உதிரும். அதன்மேல் வண்ணம் பூசினால் சில மாதங்கள் சுவர் புதிதாய்த் தோன்றும். வாங்குபவர் அவ்வழகுக்கும் சேர்த்தே விலை தருகிறார். அந்த அதிகப் பணம் உழைப்பின் கூலியா, மறைப்பின் ஊதியமா?

பால் மிகுதியாகத் தோன்றும்பொருட்டு ஆட்டின் மடியைக் கறவாது தேக்கி விற்பதை நபிகளார் தடுத்தார்கள். வாங்கியவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். இன்றேல், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பித் தரலாம் என்றும் பணித்தார்கள். அங்கே விற்றவன் வாயால் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை என்பதை நோக்குக. மடியே பேசிற்று. இங்கே சுவர் பேசுகிறது.

கொத்தனாரை ஏவியவர் ‘அறியேன்’ எனக் கூற இடமுண்டு. தானே காரையைச் சுரண்டி, ஈரத்தை விரலால் தொட்டவருக்கு அவ்விடமில்லை. கைவேலை கூலியை மிச்சப்படுத்துகிறது; அறிந்ததைச் சொல்லும் கடமையையோ கூட்டுகிறது.

கசியும் குழாயை மாற்றி, சுவரோரம் தேங்கும் நீருக்கு வழி வெட்டி, ஓதத்தின் காரணத்தையே களைந்தவர் நிலை வேறு. நீங்கிய குறையைக் காட்டிப் பொருளைத் திருப்பும் உரிமை இல்லை என்பது ஃபிக்ஹு நூலோர் கருத்து. அவர் கேட்கும் கூடுதல் விலை அவருடையதே. ஒரு மழைக்காலம் கடந்தும் சுவர் உலர்ந்து நிற்பதைக் கண்டபின் அதனைக் கேட்பாராக.